கடல் இல்லாத ஊரில் ஒரு பேட்டன் சட்டம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ரம்பம் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா அடங்குவதில்லை. நான் படித்தது கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை. எந்த இடத்தில் பெரிய ற, எந்த இடத்தில் சின்ன ர என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். மகள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். அவள் கண்ணுக்கும் தப்பியது ஏதாவது இருந்தால் அது என்னுடையது.

பட்டறையிலிருந்து நான் விலகிய அன்று கழுத்தில் மாலை போட்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றீர்கள். நான் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. கண்ணில் சிராய் தெறித்து, நாற்பத்தெட்டு வயதிலேயே வீட்டில் உட்கார்ந்தவன் நான். இப்போது நேரம் இருக்கிறது. அந்த நாலு வார்த்தையை எழுதித் தருகிறேன். கொஞ்சம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டன் சட்டத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நம் பட்டறையில் அதற்கு மரியாதை இல்லை. இரண்டு விரல் அகலம், ஒரு விரல் கனம், நீளமாக ஒரு துண்டு. ஓட்டுக்கு அடியில் அடித்தால் ரீப்பர் என்கிறோம். பலகைகளை நிறுத்திப் பின்னால் குறுக்கே அடித்தால் பேட்டன் கதவு. குளிக்கிற அறை, மாட்டுக் கொட்டகை, கக்கூஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் கதவுதான். பச்சைப் பலகையை அடுக்கிக் காயவைக்கும்போது இடையில் காற்றுப் போக அதைத்தான் வைக்கிறோம். பெட்டியின் மூலையில் அறைகிறோம். மிஞ்சினால் டீ போட அடுப்பில் வைக்கிறோம். என் வீட்டில் சோடா உப்பில் வேகும் துணியைக் கிளறுவதற்கும், காலண்டர் மாட்டுவதற்கும், பூனையை விரட்டுவதற்கும் ஒன்று உண்டு.

ஆனால் அந்தத் துண்டுக்குக் கடலில் வேறு வாழ்க்கை இருக்கிறது. அது எனக்குத் தெரிந்தது யுத்த காலத்தில்.

அப்போது நம் பட்டறையில் பட்டாளத்துக்குப் பெட்டி செய்கிற வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆள் போதவில்லை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். கப்பல் ஆசாரி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கப்பல்காரர் என்றே ஆகிவிட்டது. அவர் வந்த அன்றே தங்கராசு ஆரம்பித்துவிட்டான். அவன் என்னோடு பதினைந்து வருடம் வேலை செய்தவன். வாயை மூடவே தெரியாதவன்.

“கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் ஆசாரி எதுக்குய்யா? அல்சூர் ஏரியில சுறா புடிக்கவா?”

“சுறா எதுக்குலே, ஒன்னப் புடிச்சாப் போதும். எண்ணெ நெறய எறங்கும்” என்றார் அவர், உளியைத் தீட்டிக்கொண்டே.

தங்கராசு கொஞ்சம் பருமன். பட்டறை முழுக்கச் சிரித்தது.

அந்த வாரத்தில்தான் அல்சூர் ஏரியில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் ஓட்டுகிற பாய்ப்படகு ஒன்றுக்கு வேலை வந்தது. பாயின் பின் ஓரத்தில் நீளநீளமான பைகள் தைத்திருக்கும். அதில் மெல்லிய சட்டங்களைச் செருகுவார்கள், பாய் தொளதொளவென்று அடித்துக்கொள்ளாமல் இருக்க. அதற்கும் பேட்டன் என்றே பெயர். பழையது ஒடிந்துவிட்டது, நாலு செய்து தா என்றார்கள். பட்டறையிலேயே நல்ல தேக்காகப் பார்த்து எடுத்தேன். கணு இல்லை, வளைவு இல்லை. அரை அங்குலக் கனத்தில் நூல் பிடித்த மாதிரி நாலு சட்டம் இழைத்தேன். எனக்கே என் கைமேல் ஆசையாக இருந்தது. செருகிப் பாயை ஏற்றினார்கள். படகு கரையை விட்டு நகர்வதற்குத் திணறியது. பாய் உப்பவே இல்லை.

கப்பல்காரர் கரையில் நின்று பார்த்துவிட்டு என் காதோரம் சொன்னார்: “அண்ணாச்சி, இது பாயா, கதவா?”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் அதை உடனே கண்டுகொண்டார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “வேல சுத்தமா இருக்கு. கடல்ல மட்டும் கொஞ்சம் வேற மாதிரி” என்றார். அங்கேயே ஒரு சட்டத்தை வாங்கி, முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து பாதி வரை இழைப்புளியால் சீவிச் சீவி வெற்றிலைக் காம்பு மாதிரி நெளிகிற அளவுக்குக் கொண்டுவந்தார். மறு பாதியைத் தொடவில்லை.

“காத்து மொதல்ல படுத பக்கம் நெளியணும். காத்து விட்டுப் போற பக்கம் நிமுந்து நிக்கணும். எல்லா எடத்துலயும் ஒரே கனம்னா அது கதவு நெலைக்குத்தான் ஆவும்.”

மற்ற மூன்றையும் நான் அதே மாதிரி சீவினேன். படகு போனது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். கேள்வி கேட்க எனக்குக் கூச்சம். அவராகச் சொல்வதைக் கேட்டுக்கொள்வேன். படகின் வளைவை வரைவதற்கு ஆணிகளை ஊன்றி அவற்றின் மேல் ஒரு நீளச் சட்டத்தை வளைத்துப் பிடிப்பார்களாம். எந்த ஆணி தப்பான இடத்தில் இருக்கிறதோ அங்கே சட்டம் முண்டிக் காட்டுமாம். கப்பலின் வயிற்றில் உள்சுவர் முழுக்கச் சட்டம் அடித்திருப்பார்களாம், இரும்பில் வேர்க்கிற தண்ணீர் அரிசி மூட்டையில் படாமல் இருக்க. ஒரே துண்டு மரத்துக்கு எத்தனை உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் சரக்கறை வாயை மூடும் விதத்தைக் காட்டினார். கப்பல் தளத்தில் சரக்கு இறக்குவதற்குப் பெரிய சதுர ஓட்டை இருக்கும். புயல் வரும்போது அதன்மேல் தார்ப்பாய் விரித்து, ஓரத்தை மடித்து, மடிப்பின்மேல் பேட்டன் சட்டத்தை வைப்பார்கள். சட்டத்தை ஆணி அடித்துப் பிடிக்க மாட்டார்கள். அதற்கென்று சுற்றிலும் கொக்கிகள் நிற்கும். கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மர ஆப்பு இறுக்குவார்கள். நம் பெட்டி ஒன்றில் கொக்கிக்குப் பதிலாகக் கட்டைகளை அறைந்து, கோணித் துணியைப் போட்டு அப்படியே செய்தார். உள்ளே தன் பீடிக் கட்டை வைத்திருந்தார். நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தங்கராசு ஆசையோடு ஆறு குடம் ஊற்றினான். பிறகு ஆப்பைத் தட்டி எடுத்துத் திறந்து, ஒரு பீடியை உருவிப் பற்றவைத்தார். பீடி பற்றிக்கொண்டது.

“ஆணி அடிச்சா துணியில ஓட்ட. ஓட்டயிலதான் காத்து வெரல விடும்” என்றார். “இன்னொண்ணு அண்ணாச்சி. ஆப்போட தடிச்ச மொன அல வாற பக்கம் இருக்கணும். மறந்துராதிய.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தம்பிகளே, இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே அவருக்குக் கொச்சித் துறைமுகத்தில் வேலை என்று தந்தி வந்தது, போய்விட்டார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம். அரிசி ரேஷன் ஆகிவிட்ட காலம். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கெல்லாம் ஓடு வேய்ந்த ஒரே கிடங்கிலிருந்துதான் அரிசி வரும். அடுத்த வாரத்துக்கு வேண்டிய மூட்டைகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அன்று மத்தியானம் மூன்று மணிக்குச் சூறைக்காற்று வந்து, கூரையின் ஒரு பக்கத்தில் கட்டில் நாலு போடுகிற அளவுக்கு ஓடுகளைப் பிய்த்து எறிந்துவிட்டது. நல்லவேளை, காற்றோடு வந்த மழை பத்து நிமிடத்தில் ஓய்ந்தது. மேல் வரிசை மூட்டைகள் மட்டும் நனைந்தன. ஆனால் கிழக்கே வானம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. அடுத்தது வரப்போகிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

என்னையும் தங்கராசுவையும் கூப்பிட்டுவிட்டார்கள். நாங்கள் போவதற்குள் கிடங்கு ஆட்களே ஒரு தார்ப்பாயை விரித்து ஆணி அடித்திருந்தார்கள். எங்கள் கண் முன்னாலேயே ஒரு காற்று வந்தது. ஆணி ஆணியாகக் கிழித்துக்கொண்டு போய்த் தார்ப்பாய் இரண்டாகத் தொங்கியது. மிச்சம் இருந்தது இன்னும் ஒரே ஒரு தார்ப்பாய். மூட்டைகளை நகர்த்த இடமில்லை, கிடங்கின் மறுபாதியும் நிறைந்திருந்தது. வேறு ஓடு வர நாளைக்கு ஆகும். வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். அதில் என் மனைவியும் இருந்தாள்.

“அரிசி நனைஞ்சா புழுத்துப்போவும்பா. அப்புறம் அடுத்த வாரம் எங்க போயி நிக்கறது?” என்று ஓர் அம்மாள் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

கிடங்கு ஓவர்சியர் கன்னடக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. “பேகா பேகா! சீக்கிரம் ரெண்டாவது தார்ப்பாயை எடு. ஆணியை இன்னும் நெருக்கமா அடி!” என்றார்.

ஆட்கள் ஆணிப் பெட்டியை எடுத்தார்கள். நான் பெட்டியின் மூடிமேல் கை வைத்தேன். எப்படியோ சொல்லிவிட்டேன்:

“ஆணி வேணாம் சார்.”

“ஏனப்பா? நீ கதவு ஆசாரிதானே? ஆணி வேணாம்னா எச்சி தொட்டு ஒட்டுவியா?”

“சட்டம் வச்சு ஆப்பு இறுக்கலாம் சார். கப்பல்ல... கப்பல்ல அப்படித்தான் செய்றாங்க.”

“கப்பலா!” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இல்லி கடலு எல்லிதெ மாராயா?” இங்கே ஏது கடல் என்று அவர் கேட்டதும் வாசலில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. ஆனால் கிழிந்த தார்ப்பாய் எதிரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். அவர் அதையும் வானத்தையும் பார்த்தார். “ஒரு மணி நேரம்” என்றார்.

நானும் தங்கராசுவும் ஏறினோம். ஓடு பறந்த இடத்தில் கைமரங்கள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. ஓட்டையைச் சுற்றி, தார்ப்பாய்க்கு வெளியே, கைமரங்களில் கொக்கி மாதிரி கட்டைகளை அறைந்தோம். ஆணி அங்கே மட்டும்தான், துணியில் ஒன்றுகூட இல்லை. தார்ப்பாயின் ஓரத்தை ஒரு ரீப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே இன்னொரு சட்டத்தை அழுத்தி, நுனிகளைக் கட்டைக்கு அடியில் நுழைத்து ஆப்பு இறுக்கினோம். மொத்தம் இருபத்திரண்டு ஆப்பு. காற்று கீழே இறவாணத்துப் பக்கமிருந்து மேல்நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. கப்பல்காரர் சொன்னதை நினைத்து, தடித்த முனை எல்லாவற்றையும் காற்று வருகிற பக்கம், அதாவது கீழ்ப்பக்கமாக வைத்தேன். ஏணியில் நின்றபடி மேல்நோக்கி அடிக்க வசதியாகவும் இருந்தது. முக்கால் மணியில் முடித்துவிட்டோம்.

“ஆயித்தா?” என்று ஓவர்சியர் கத்தினார்.

“ஆயித்து சார்!” என்றான் தங்கராசு. இறங்கிப் பீடிக்குக் கை நீட்டினான்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு சட்டத்தின் நுனியைப் பிடித்து நாலு குலுக்குக் குலுக்கினேன், காற்று செய்வதுபோல. ஓர் ஆப்பு மெதுவாக நழுவியது. இன்னும் இரண்டு குலுக்கு. கழன்று, சரிவில் உருண்டு, என் கால் பெருவிரலில் வந்து விழுந்தது.

அந்த ஆப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்றேன். அப்போதுதான் கேட்காமல் விட்ட அந்த ‘ஏன்’ எனக்கு எதிரில் வந்து நின்றது. கப்பல் தளம் சமமானது. அங்கே அலை வந்து தடித்த முனையில் மோதும், மோத மோத ஆப்பு உள்ளே போகும். இங்கே அலை ஏது? காற்று ஆப்பைத் தள்ளப்போவதில்லை, சட்டத்தை உலுக்கத்தான் போகிறது. உலுக்கினால் எல்லாம் சரிவில் கீழே வரும். தடித்த முனை கீழே இருந்தால் ஆப்பு கழன்றுவிடும். மேலே இருந்தால் ஒவ்வோர் உலுக்கலுக்கும் இன்னும் இறுகும். கப்பலில் அலை செய்கிற வேலையை இந்தக் கூரையில் சரிவுதான் செய்யும். நான் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டேன். இருபத்திரண்டும் தலைகீழ்.

முதல் சொட்டு என் புறங்கையில் விழுந்தது.

அப்படியே விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கழன்றால் கப்பல் ஆசாரி சொன்ன யோசனை சரியில்லை என்று சொல்லிவிடலாம், அவர் கொச்சியில் இருக்கிறார். இந்த நினைப்பும் எனக்கு வந்தது, மறைக்க மாட்டேன்.

“தங்கராசு, எல்லாத்தையும் திருப்பணும்.”

“என்னாண்ணே சொல்ற?”

“தப்பா வச்சிட்டேன். ஆப்பெல்லாம் புடுங்கித் திருப்பி அடிக்கணும். மேலேருந்து.”

அவன் வாயிலிருந்த பீடியை எடுத்தான். “ஆப்பு அசைச்ச கொரங்கு கதையாப் போச்சுண்ணே உன் கதை. மழை வந்தாச்சு!”

“மொத்தமாப் புடுங்க வேணாம். ஒண்ணு எடுத்து, திருப்பி அடிச்சிட்டுத்தான் அடுத்தது.”

கீழே ஓவர்சியர் நாங்கள் ஆப்பைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டார். “ஏய்! ஏன் மாடுத்தா இதீரி? என்ன செய்றீங்க? கட்டினதை அவுக்கறீங்களே, புத்தி இருக்கா?” என்று அலறினார். வாசலில் பெண்களும் சத்தம் போட்டார்கள். எனக்குக் கூட்டத்தைக் கண்டால் பேச்சு வராது என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முகட்டில் ஏறினேன். விளக்கம் சொல்ல நேரமில்லாதது ஒரு வகையில் நல்லதாகிவிட்டது.

மேலிருந்து கீழ்நோக்கி அடிக்க வேண்டுமென்றால் முகட்டின் மேல் குப்புறப் படுத்துத் தொங்க வேண்டும். ஓடெல்லாம் அசைந்துகொண்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். கயிற்றின் மறுமுனையைத் தன் வயிற்றில் சுற்றிக்கொண்டு, முகட்டின் மறுபக்கம் ஏணியில் தங்கராசு நின்றான்.

“பயப்படாதண்ணே. எண்ணெ நெறய இருக்கிற சுறா நானு. நீ இழுத்தாலும் அசைய மாட்டேன்.”

ஒன்று கழற்றினேன், திருப்பினேன், அடித்தேன். அடுத்தது. பதினொன்றாவது ஆப்பில் மழை பிடித்துக்கொண்டது. பதினைந்தாவதில் ஆலங்கட்டி. முதுகில் கல் எறிகிற மாதிரி இருந்தது. சுத்தியல் பிடி வழுக்கியது, கட்டைவிரலில் இரண்டு முறை அடித்துக்கொண்டேன். கீழ் ஓரத்து நாலு ஆப்புக்கு என் கை எட்டவில்லை. கயிற்றைத் தளர்த்தச் சொல்லிச் சரிவில் தலைகீழாக இறங்கினேன். கடைசி ஆப்பை அடிக்கும்போது கீழே ஒரு தலை தெரிந்தது. நான் இருந்த பக்கத்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி ஓவர்சியர் நின்றிருந்தார்.

உள்ளே ஓடினோம். மூவரும் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று மேலே பார்த்தோம். பெருங்காற்று அப்போதுதான் வந்தது. தார்ப்பாய் வயிறு உப்பி எழும்பியது, படார் என்று கைமரத்தில் அறைந்தது. மறுபடி எழும்பியது. ஒவ்வோர் அறைக்கும் கூரையைச் சுற்றிலும் டக், டக் என்று சின்னச் சத்தம் கேட்டது. ஆப்புகள் இறுகுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. இனி இறுக இடமில்லை என்று அர்த்தம்.

மழை ஓய இருட்டிவிட்டது. ஓவர்சியர் ஒரு மூட்டையின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அடுத்த மூட்டையில் வைத்தார். புறங்கையையும் வைத்துப் பார்த்தார்.

“ஒணகே இதெ” என்றார் மெதுவாக. காய்ந்துதான் இருக்கிறது. பிறகு என்னைப் பார்த்து, “ஏன் அவுத்தே?” என்று கேட்டார்.

“தப்பா வச்சிருந்தேன் சார்.”

அவர் தன் துண்டைப் பிழிந்து என்னிடம் நீட்டினார்.

தம்பிகளே, முப்பது வருடத்தில் எத்தனையோ கதவு, கட்டில், கோயிலுக்குப் பெஞ்சு எல்லாம் செய்திருக்கிறேன். பெருமையாக இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் மழை விழ ஆரம்பித்த பிறகு, அத்தனை பேர் திட்ட, நான் இறுக்கிய ஆப்பை நானே கழற்றினேனே, அதில் இருக்கிற பெருமை ஒரு கட்டிலிலும் இல்லை. உங்கள் வேலை தப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், உலகத்திலேயே அதை முதலில் அறிந்தவர் நீங்கள்தான். மழைக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் உங்களுடையது.

அடுத்த வாரம் வழக்கம்போல அரிசி போட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் வெயிலைத் திட்டினார்கள், எடை போடுகிறவரைத் திட்டினார்கள். கூரையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குள் புது ஓடு போட்டாகிவிட்டது. என் மனைவி அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தாள்.

“பாத்தீங்களா அநியாயத்த? பாதிக்குப் பாதி கல்லு” என்றாள்.

நான் முறத்துக்குள் கை விட்டு ஒரு பிடி அரிசியை அள்ளினேன். விரலிடுக்கில் ஒன்றும் ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. “ஆமா, கல்லுதான்” என்று சொல்லிவிட்டு, அவளோடு உட்கார்ந்து பொறுக்கினேன்.

மர்பி டவுன், 1946-ம் வருடம் ஜூன் மாதம் 9-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்தபின் எழுதி முடித்தது.